நீங்கள் வராவிட்டால் யார் தேடுவார்கள்?

மே மாதம் வந்துவிட்டால் என் கைப்பேசிக்கு ஒரே கேள்வி பல குரல்களில் வரும். நண்பரின் மைத்துனர், கணவரோடு வேலை பார்ப்பவர், எப்போதோ ஒரு கல்யாணத்தில் பார்த்த அக்கா என்று யாராவது அழைப்பார்கள். இரண்டு நிமிடம் நலம் விசாரிப்பு. அப்புறம் விஷயம் வரும். "பொண்ணு காலேஜ்ல ரெண்டாவது வருஷம். மெடிக்கல் ஸ்கூல் போயே தீருவேங்கிறா. எத்தனை மணி நேரம் வாலண்டியர் பண்ணா போதும்? நூறா, இருநூறா?"

நான் அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் பொது மருத்துவராக இருக்கிறேன். மருத்துவக் கல்லூரி ஒன்றின் மாணவர் சேர்க்கைக்குச் சில ஆண்டுகளாக நேர்காணலும் எடுக்கிறேன். அதனால் என்னிடம் ஒரு எண் இருக்கும், அதை நெருங்கியவர்களுக்கு மட்டும் சொல்வேன் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அப்படி எதுவும் இல்லை. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.எம்.சி. இத்தனை மணி நேரம் என்று எங்கும் நிர்ணயிக்கவில்லை. சில கல்லூரிகள் தங்கள் தளத்தில் குறைந்தபட்சம் ஒன்றைப் போட்டிருக்கும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மற்றபடி எண் கிடையாது.

கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாம் வந்த வழி அப்படி. இங்கே கல்லூரியில் பட்டம் முடித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரி, நம் ஊரில் பள்ளி முடித்ததுமே. பிளஸ் டூ மார்க், கட்-ஆஃப், கவுன்சிலிங், இப்போது நீட். இலக்கு இதுதான் என்று சொல்லிவிட்டால் நம் பிள்ளைகள் ராப்பகலாக உட்கார்ந்து அதை எட்டிவிடுவார்கள். இங்கேயும் எண்கள் உண்டு. கல்லூரி மதிப்பெண் சராசரி இருக்கிறது, மதிப்பெண் 472-இல் தொடங்கி 528-இல் முடியும் எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. அவை நன்றாக இருந்தால் விண்ணப்பத்தைப் பிரித்துப் படிப்பார்கள். படிக்கும்போது அடுத்து எழும் கேள்வி: இந்தப் பிள்ளைக்கு நோயாளி என்றால் யார் என்று தெரியுமா? அதற்குத்தான் நோயாளிகளுக்குப் பக்கத்தில் இருந்து பெறும் இந்த கிளினிக்கல் அனுபவம், தன்னார்வப் பணி எல்லாம்.

ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பத்தில் 15 செயல்பாடுகள் வரை எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துகள், இடைவெளி உட்பட. அதில் மூன்றை மிக முக்கியமானவை என்று குறித்தால், அவற்றுக்கு மட்டும் மேலும் 1,325 எழுத்துகள் கிடைக்கும். மணி நேரத்துக்கு ஒரு கட்டம் உண்டு. ஆனால் நான் முதலில் பார்ப்பது அதன் பக்கத்தில் இருக்கும் தேதிகளை. ஒரு கோடை விடுமுறையில் அடித்துப் பிடித்து முடித்த 150 மணி நேரம் ஒன்று. இரண்டு வருடம், வாரத்துக்கு ஒரு காலை, பரீட்சை வாரத்தில் மட்டும் விடுப்பு என்று சேர்ந்த 150 மணி நேரம் இன்னொன்று. கட்டத்தில் இரண்டும் ஒரே எண்தான். விண்ணப்பத்தைப் படிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

அதனால் என்னை அழைப்பவர்களிடம் பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன். உங்கள் பெண் இப்போது போய்வருகிற இடத்தில், ஒரு வாரம் அவள் சொல்லாமல் கொள்ளாமல் வராமல் இருந்துவிட்டால் யாராவது தேடுவார்களா? பெரும்பாலும் மறுமுனையில் சத்தம் இருக்காது. தேடமாட்டார்கள் என்றால் இடத்தை மாற்றச் சொல்லுங்கள் என்பேன். என்னிடம் இருக்கும் ரகசியம் அவ்வளவுதான்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஷேடோயிங் முதல் வரியிலேயே தோற்றுவிடும். ஒரு மருத்துவரின் பின்னால் நிழலாக நடந்து, அவர் நோயாளிகளைப் பார்ப்பதைப் பார்ப்பது. நீங்கள் வராவிட்டால் அவருக்கு அன்றைக்குக் கொஞ்சம் நிம்மதி. ஆனாலும் அது தேவை. மருத்துவரின் ஒரு நாளில் எவ்வளவு நேரம் கணினி முன்னால் போகிறது, இன்ஷூரன்ஸ் நிறுவனத்தோடு போனில் எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுகிறார், மோசமான செய்தியை எந்த நாற்காலியை எங்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்கிறார் என்பதையெல்லாம் வேறு எங்கும் பார்க்க முடியாது. குடும்ப மருத்துவர் ஒருவர், மருத்துவமனையில் வேலை பார்ப்பவர் ஒருவர், அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் என்று மூன்று பேரைச் சில நாட்கள் பார்த்தால் போதும். அதற்கு மேல் அதே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான்.

நம் வீடுகளில் ஷேடோயிங் மட்டும் மலிவாகக் கிடைக்கும். யாராவது ஒரு டாக்டர் அங்கிள் இருப்பார். "ரெண்டு நாள் அங்கிள் கூடப் போய் நில்லு" என்று அனுப்பிவிடுவார்கள். போகட்டும். போகிற பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம். நோயாளி வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் வெளியே வந்துவிடுங்கள், அது அவர் உரிமை. அறுவை அரங்கில் நிற்கப் போகிறீர்கள் என்றால் காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு நிற்காதீர்கள். கண் இருட்டிக்கொண்டு வந்தால் கௌரவம் பார்க்காமல் சொல்லிவிட்டுச் சுவரோரமாகத் தரையில் உட்காருங்கள். மயங்கி விழுவது அவமானம் இல்லை. கிருமி நீக்கிய மேசை மேல் விழுவது மற்றவர்களுக்குத் தலைவலி.

அடுத்தது மருத்துவமனை வாலண்டியர் வேலை. இதற்குள் நுழையவே பொறுமை வேண்டும். தட்டம்மை, சின்னம்மை, ஹெபடைடிஸ் பி நோய்களுக்கு உடலில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை, காசநோய்ப் பரிசோதனை, ஃப்ளூ ஊசி, பின்னணிச் சரிபார்ப்பு, நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காக்கும் 1996-ஆம் வருடத்து ஹிப்பா சட்டம் பற்றிய பாடம், அப்புறம் அடையாள அட்டை. இதெல்லாம் முடிய வாரக்கணக்கில் ஆகும். கோடை இடங்கள் வசந்த காலத்திலேயே நிரம்பிவிடும். ஜூனில் சேரலாம் என்று ஜூனில் நினைப்பவர்களுக்கு ஆகஸ்டில் அட்டை வரும்.

உள்ளே போனதும் பெரும்பாலானவர்களை வரவேற்பு மேசையில் உட்கார வைப்பார்கள். அல்லது பரிசுப்பொருள் கடையில். லிஃப்ட் எங்கே, கழிப்பறை எங்கே என்று வழி சொல்லும் வேலை. அதைத் தாழ்வாகச் சொல்லவில்லை, வழி தெரியாமல் அழுதுகொண்டு நிற்பவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அங்கேயே தங்கிவிட்டால் நோயாளியின் முகத்தைப் பார்க்காமலே இரண்டு வருடம் ஓடிவிடும். சில மாதம் ஒழுங்காக வந்து நல்ல பெயர் வாங்கிக்கொண்டு, ஒருங்கிணைப்பாளரிடம் வார்டுக்கு மாற்றிக் கேளுங்கள். கேட்டால் கிடைக்கும். கேட்கத்தான் நம் பிள்ளைகளுக்கு வாய் வராது.

வார்டில் வாலண்டியருக்கு என்ன வேலை? சூடான போர்வை எடுத்துவருவது, காலித் தட்டுகளை எடுப்பது, ஐஸ் தண்ணீர் ஊற்றுவது, யாராவது பேச்சுத்துணைக்கு ஏங்கினால் உட்காருவது. எங்கள் தளத்துக்கு சனிக்கிழமைகளில் ஒரு கல்லூரிப் பையன் வருவான். ஒரு நாள் நான் வாசலை ஒட்டிய மேசையில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். எதிர் அறையில் பக்கவாதம் வந்து முந்தின இரவு சேர்ந்த ஒரு பெரியவர். பையன் தண்ணீர் ஜக்கோடு உள்ளே போனான். அவர் ஜக்கைப் பார்த்ததும் தண்ணீர் கேட்டார். படுக்கைக்கு மேலே, வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்ற அட்டை. பக்கவாதத்தில் விழுங்கும் தசைகள் சொன்னபடி கேட்காது. கெட்டியான உணவைவிட வெறும் தண்ணீர்தான் சட்டென்று மூச்சுக்குழாய்க்குள் ஓடும், அதிலிருந்து நிமோனியா வரும். அதனால் விழுங்கும் திறனைச் சோதித்து முடிக்கும்வரை ஒரு மடக்கு கூடக் கிடையாது.

பையனுக்கு இந்த விளக்கமெல்லாம் அப்போது தெரிந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. அட்டையைப் பார்த்தான். ஜக்கை அவர் கண்ணில் படாதபடி வெளியே வைத்தான். திரும்பிப் போய், "என்னால் கொடுக்க முடியாது சார், நர்ஸைக் கேட்டுவிட்டு வருகிறேன்" என்றான். நர்ஸ் இன்னொரு அறையில் யாருக்கோ ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார், நடுவில் விட்டுவிட்டு வர முடியாது. அவன் திரும்ப வந்து, இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்று அவரிடம் சொன்னான். அவர் அவனைத் திட்டினார், அதுவும் சாதாரணத் திட்டு இல்லை. அவன் போய்விட்டான். போய்விட்டான் என்றுதான் நானும் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் நர்ஸோடு வந்தான். நர்ஸ் சிறிய பஞ்சுக்குச்சியை நனைத்துப் பிழிந்து அவர் உதட்டையும் நாக்கையும் ஈரமாக்கினார். பையன் படுக்கையின் அந்தப் பக்கம் நின்றான். பெரியவர் அப்போதும் அவனை முறைத்துக்கொண்டேதான் இருந்தார்.

பிறகு பரிந்துரைக் கடிதம் கேட்டு வந்தபோது நான் அவனுக்கு எழுதியது பெரும்பாலும் இதைத்தான். திட்டு வாங்கின அறைக்குத் திரும்பவும் போனான் என்று. மருத்துவராக நான் செய்யும் வேலையில் பாதி அதுதான், எம்கேட்டில் அதற்குக் கேள்வி வராது.

இந்தக் கட்டுரையில் வரும் நோயாளிகளின் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். தங்கள் அனுபவத்தை எழுதும் பிள்ளைகளும் இப்படிச் செய்ய வேண்டும், அதற்குப் பின்னால் வருகிறேன்.

தமிழ் தெரிந்த வாலண்டியர்களுக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. நம் ஊர்ப் பாட்டி ஒருவர் வார்டில் படுத்திருப்பார், மகன் வேலைக்குப் போயிருப்பார், ஆங்கிலம் வராது. யாராவது அவசரத்தில் "நீ தமிழ்தானே, வந்து என்ன சொல்கிறார் என்று கேட்டுச் சொல்" என்று கூப்பிடுவார்கள். பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் மருந்து, சம்மதம், நோயின் வரலாறு போன்றவற்றைத் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர் மூலமாகத்தான் பேச வேண்டும், அந்தச் சேவையை மருத்துவமனை இலவசமாகத் தர வேண்டும். ஒபாமா காலத்துச் சுகாதாரச் சட்டத்தின் 1557-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. பெரும்பாலான இடங்களில் போனிலோ வீடியோவிலோ தமிழ் மொழிபெயர்ப்பாளரை வரவழைக்கலாம். வாலண்டியர் அந்த வேலையைச் செய்யக் கூடாது. மரியாதையாக மறுத்துவிட வேண்டும்.

அப்படியானால் தமிழுக்கு அங்கே வேலை இல்லையா? உண்டு. எங்களிடம் ஒரு முறை மூச்சுத்திணறலோடு சேர்ந்த பாட்டி, மகனைப் பார்க்க வந்த இடத்தில் இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று மொழிபெயர்ப்பாளர் வைத்து, மகன் பக்கத்தில் இருக்கும்போது கேட்டோம். எல்லாம் சாப்பிடுகிறேன் என்றார். மறுநாள் ஒரு வாலண்டியர் பெண் போர்வை கொடுக்கப் போனவள், "பாட்டி, குளிருதா?" என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான், பாட்டி பிடித்துக்கொண்டார். எந்த ஊர், அப்பா என்ன பண்றார், சாப்பிட்டியா எல்லாம் முடிந்து பேச்சு மகன் வீட்டுப் பக்கம் போயிருக்கிறது. நீர் மாத்திரை போட்டால் அரை மணிக்கொரு தரம் ஓட வேண்டியிருக்கிறது, கழிப்பறை மாடியில் இருக்கிறது, விமானத்தில் நிறுத்தினது, இங்கே வந்தும் போடவில்லை, பையனுக்குத் தெரிந்தால் கத்துவான்.

அந்தப் பெண் உடனே கேட்டாளாம்: "பாட்டி, இதை நான் நர்ஸ்கிட்ட சொல்லணும். சொல்லட்டுமா?" பாட்டி கொஞ்சம் யோசித்து, "நர்ஸம்மாகிட்ட சொல்லு, அவன்கிட்ட சொல்லாத" என்றிருக்கிறார். அவள் நர்ஸிடம் சொன்னாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் வீடியோவில் மொழிபெயர்ப்பாளரை வைத்து, மகன் இல்லாத நேரமாகப் பார்த்து, மறுபடியும் முதலிலிருந்து கேட்டோம். மாத்திரையைக் காலையில் மட்டும் போடுகிற மாதிரி மாற்றி, படுக்கையறைக்குப் பக்கத்தில் ஒரு கமோட் நாற்காலிக்கும் ஏற்பாடு செய்து அனுப்பினோம். அந்தப் பெண் மொழிபெயர்க்கவில்லை, வைத்தியம் பார்க்கவில்லை. தன் எல்லை எதுவென்று தெரிந்து, அதற்குள் செய்ய வேண்டியதை முழுதாகச் செய்தாள். அவள் பிறகு நேர்காணலில் இதைச் சொன்னாளா என்று தெரியவில்லை. சொல்லியிருந்தால் எதிரே இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டிருப்பார்.

இனி சம்பளத்துக்கு வேலை பார்ப்பது பற்றி. நம்மவர்களிடம் பேசும்போது குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டியிருக்கிற விஷயம் இது. கிளினிக்கல் அனுபவம் இலவசமாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கல்லூரியும் சொல்லவில்லை. சம்பளம் வாங்கிச் செய்த வேலையும் கிளினிக்கல் அனுபவமாகவே கணக்கில் வரும், பல சமயம் கூடுதல் மதிப்போடு. அதில் எனக்கு மிகவும் பிடித்தது சி.என்.ஏ. எனப்படும் நர்ஸிங் உதவியாளர் வேலை. மத்திய அரசு விதிப்படி குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி, பல மாநிலங்களில் அதைவிடக் கூடுதல், முடிவில் ஒரு தேர்வு. குளிப்பாட்டுவது, பல் தேய்த்துவிடுவது, ஊட்டுவது, சிறுநீர் எவ்வளவு என்று அளந்து எழுதுவது, பெட்பேன் எடுப்பது. இதைக் கேட்டதும் ஒரு அப்பா என்னிடம், "மலம் அள்ளவாங்க இவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வைக்கிறோம்?" என்றார். அவருக்கு வந்த கோபத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாதா என்ன. அதை இங்கே கிளற வேண்டாம். அவர் பையன் சேர்ந்தான் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதியோர் இல்லத்தில் அசைய முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பது வழக்கம். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, அடியில் இருக்கும் துணியைச் சுருட்டிப் பிடித்து, மூன்று எண்ணி ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். புரட்டினதும் முதுகின் கீழே, வால் எலும்பு இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தின இடம் வெளுத்து மறுபடி சிவந்தால் பரவாயில்லை. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது, நர்ஸைக் கூப்பிட வேண்டும். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்கால் அடியில் தலையணை வைக்க வேண்டும். அந்தப் பையன் இதை என்னிடம் விளக்கியபோது கைகள் தாமாகவே அந்தத் துணியைப் பிடிக்கிற மாதிரி மடங்கின. மருத்துவக் கல்லூரியில் இது திரையில் ஒரு படமாக வரும், பக்கத்தில் இருப்பவன் குறிப்பெடுப்பான், இவனுக்கு அந்த முதுகு யாருடையது என்று தெரிந்திருக்கும். இவன் ஒரு நாள் வரவில்லை என்றால் அந்தத் தளத்தில் யாரோ ஒருவர் நேரத்துக்குப் புரண்டு படுத்திருக்க மாட்டார்.

இங்கே ஒரு சிக்கல். எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான விசாவில், இருக்கும் பிள்ளைகள் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. சம்பள வேலையைச் சம்பளம் வாங்காமல் செய்கிறேன் என்பதும் சரிப்படாது. மருத்துவமனையின் முறையான வாலண்டியர் திட்டம், கடைசிக் காலப் பராமரிப்பு தரும் ஹாஸ்பிஸ் போன்றவைதான் அவர்களுக்கு வழி. அதோடு, பல மருத்துவக் கல்லூரிகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களின் விண்ணப்பத்தையே ஏற்பதில்லை. இருபத்தொரு வயதானால் எச்-4 தகுதியும் போய்விடும். எத்தனை மணி நேரம் என்று கேட்பதற்கு முன்னால் அந்த வீடுகளில் பேச வேண்டியது இது. ஏனோ யாரும் பேசுவதில்லை.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்க்ரைப் என்பவர் மருத்துவர் நோயாளியைப் பார்க்கும்போது கூடவே இருந்து குறிப்புகளைக் கணினியில் ஏற்றுபவர். சம்பளம் குறைவு, ஆனால் மருத்துவர் எப்படி யோசிக்கிறார் என்று வாக்கியம் வாக்கியமாகக் கற்றுக்கொள்ளலாம். பேச்சைக் கேட்டுத் தானே குறிப்பெழுதும் மென்பொருள்கள் பல இடங்களில் வந்துவிட்டதால், இந்த வேலையை நம்பி இருப்பவர்கள் இன்னொன்றையும் கையில் வைத்திருப்பது நல்லது. ஈ.எம்.டி. என்பது ஆம்புலன்ஸ் வேலை. சில மாதப் பயிற்சி, தேசியப் பதிவுத் தேர்வு. சைரன், ஓட்டம் என்று கற்பனை செய்துகொண்டு போனால் தனியார் ஆம்புலன்ஸில் முக்கால்வாசி நேரம் சிறுநீரக நோயாளியை டயாலிசிஸ் மையத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதில் கழியும். வாரம் மூன்று தடவை, அதே மனிதர், அதே வாசல்படி. அதுதான் நல்ல அனுபவம் என்பது என் கட்சி. க்ரைசிஸ் டெக்ஸ்ட் லைன் என்று 2013-இலிருந்து ஒரு சேவை இருக்கிறது. மன நெருக்கடியில் இருப்பவர்களோடு குறுஞ்செய்தியில் பேசுவது, வீட்டிலிருந்தே செய்யலாம். சுமார் 30 மணி நேரப் பயிற்சி கொடுத்து 200 மணி நேரம் செய்வதாக ஒப்புதல் வாங்குவார்கள்.

ஹாஸ்பிஸ் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இனிக் குணப்படுத்தும் சிகிச்சை இல்லை, வலியில்லாமல் பார்த்துக்கொள்வோம் என்ற நிலையில் இருப்பவர்களுக்கான சேவை அது. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரிடமிருந்து பணம் பெறும் ஒவ்வொரு ஹாஸ்பிஸும், நோயாளிகளுக்காகத் தன் ஊழியர்கள் செலவிடும் நேரத்தில் குறைந்தது ஐந்து சதவீதத்துக்குச் சமமான நேரத்தைத் தன்னார்வலர்கள் மூலம் தர வேண்டும் என்பது சட்டம். அதனால் அவர்களுக்கு எப்போதும் ஆள் தேவை. பயிற்சி கொடுப்பார்கள், உங்களை ஒரு குறிப்பிட்ட நோயாளியோடு சேர்த்துவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு நீங்கள் வருவீர்கள் என்று ஒருவர் காத்திருப்பார். அவர் மனைவி அந்த இரண்டு மணி நேரத்தில்தான் கடைக்குப் போவார், தலைக்குக் குளிப்பார்.

ஓரிகன் மாநிலம் யூஜீன் நகரில் சாண்ட்ரா கிளார்க் என்ற நர்ஸ் இருந்தார். 1986-இல் ஒரு இரவு, இறந்துகொண்டிருந்த ஒரு நோயாளி கூட இருக்கச் சொல்லிக் கேட்டார். மற்ற நோயாளிகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன கிளார்க் திரும்பி வந்தபோது அவர் இறந்திருந்தார். யாருமில்லாமல். 2001-இல் தன் மருத்துவமனையில் அவர் ஒரு திட்டம் தொடங்கினார். உறவு நட்பு என்று யாரும் வர முடியாத நோயாளியின் கடைசி நேரங்களில் தன்னார்வலர்கள் முறைவைத்து உட்காருவார்கள். யாரும் தனியாகச் சாவதில்லை என்பதே திட்டத்தின் பெயர். இன்று அமெரிக்காவில் பல மருத்துவமனைகளில் அது நடக்கிறது. நர்ஸால் முடியாத ஒன்று, மருத்துவரால் முடியாத ஒன்று, ஒரு கல்லூரி மாணவரால் முடிகிறது. அவரிடம்தான் நேரம் இருக்கிறது.

பதினெட்டு வயதில் மரணத்தைப் பார்க்க வேண்டுமா என்று அம்மாக்கள் கேட்பார்கள். எல்லோரும் பார்க்க வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்குள் வீட்டில் ஒரு சாவு நடந்திருந்தால் இப்போது வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன்.

வெளிநாட்டு மருத்துவப் பயணங்கள் பற்றிக் கேட்காதவர்களே இல்லை. பணம் கட்டினால் இரண்டு வாரம் ஏதாவது ஒரு நாட்டில் கிராம கிளினிக்கில் வேலை, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு படம். இல்லையென்றால் கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது மாமாவின் மருத்துவமனை. "நம்ம ஆஸ்பத்திரிதானே, ஒரு தையல் போட்டுப் பாரேன்" என்பார் மாமா. பாசத்தில் சொல்வதுதான். ஆனால் தன் நாட்டில் செய்ய அனுமதி இல்லாததை வேறு நாட்டில் போய்ச் செய்யக் கூடாது என்று ஏ.ஏ.எம்.சி. இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. விண்ணப்பத்தில் அதைப் பெருமையாக எழுதினால் படிப்பவருக்குத் தோன்றுவது ஒன்றுதான்: பயிற்சி இல்லாத ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை, வேண்டாம் என்று சொல்ல முடியாத ஓர் ஏழையின் உடம்பில் ஊசி குத்தியிருக்கிறது. மாமா ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஓரமாக நின்று பாருங்கள், கையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாத சேவையும் வேண்டும் என்று கல்லூரிகள் எதிர்பார்க்கின்றன. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுப்பது நல்லது, தாராளமாக எழுதலாம். அதோடு, நம்மைப் போல இல்லாதவர்களுக்கு நடுவிலும் ஏதாவது ஒன்று செய்யுங்கள். உணவு வங்கியோ, வீடற்றோர் விடுதியோ, எதுவாக இருந்தாலும் சரி. நாளைக்கு நோயாளியாக எதிரே உட்காரப் போவது அவர்கள்தான்.

போய்வந்த அன்றைக்கே குறித்துவையுங்கள். தேதி, நேரம், பொறுப்பாளர் பெயர், தொடர்பு எண். இரண்டு வருடம் கழித்து விண்ணப்பிக்கும்போது இதெல்லாம் ஞாபகம் வராது, பொறுப்பாளரும் வேலை மாறியிருப்பார். கூடவே அன்று பார்த்த ஒன்றை நாலு வரியில் எழுதுங்கள். நோயாளியின் பெயர், வயது, அறை எண், ஊர் எதுவும் வேண்டாம். தாளில் வேண்டாம், போனிலும் வேண்டாம், வார்டில் செல்ஃபி அறவே வேண்டாம். நான் நேர்காணலில் வழக்கமாகக் கேட்பது ஒன்று: "நீங்கள் பார்த்த ஒரு நோயாளி பற்றிச் சொல்லுங்கள்." மணி நேரத்தை மட்டும் சேர்த்தவர்கள் அந்த இடத்தில் தாங்கள் கற்ற பண்புகளைப் பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார்கள். பரிவு, பொறுமை, குழுவாகப் பணியாற்றுதல் என்று. உண்மையிலேயே அங்கே இருந்தவர்கள், "அவருக்கு டிவி சத்தம் பிடிக்காது" என்று ஆரம்பிப்பார்கள்.

நேரம் எங்கே இருக்கிறது என்பதும் நியாயமான கேள்விதான். படிப்புச் செலவுக்காகக் கடையில் வாரம் இருபது மணி நேரம் வேலை பார்க்கும் பிள்ளையையும், அப்பா காரில் கொண்டுபோய் விடுகிற பிள்ளையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. அந்தக் கடை வேலையையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள், அதைப் படித்து மதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கல்லூரி முடித்த கையோடு விண்ணப்பித்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இப்போது மருத்துவக் கல்லூரியில் சேர்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இடையில் ஒரு வருடமாவது எடுத்துக்கொண்டு வந்தவர்கள். அதை "இயர் வேஸ்ட்" என்று சொல்லும் பழக்கத்தை நாம் விட்டால் பிள்ளைகள் கொஞ்சம் மூச்சு விடுவார்கள்.

கடைசியாக ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பக்கத்தை யாரும் பேசுவதில்லை. நெருங்கிய தோழியின் மகள். நான்தான் முதியோர் மறுவாழ்வு மையத்தில் வாலண்டியராகச் சேரச் சொன்னேன். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு வராமல் போனவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் தெரபிஸ்ட் ஒருவரோடு உட்கார ஆரம்பித்தாள். மருத்துவர் வாரத்தில் சில நிமிடம் வந்து போவார், தெரபிஸ்ட் தினமும் முக்கால் மணி நேரம் ஒருவர் முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்பார். இவளுக்கு இரண்டாவதுதான் பிடித்துப் போனது. எம்கேட் புத்தகங்களை ஒரு ஜூனியரிடம் கொடுத்துவிட்டு, பேச்சு மொழி சிகிச்சைக்கான முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்தாள். அந்த அனுபவம் தன் வேலையைச் சரியாகச் செய்தது என்றுதான் நான் நினைக்கிறேன். எட்டு வருடம் படித்து, லட்சக்கணக்கான டாலர் கடன் வாங்கிய பிறகு தெரிந்துகொள்ள வேண்டியதை இருபது வயதில் தெரிந்துகொண்டாள். அவள் அம்மா இன்னும் என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பெண் மட்டும் அவ்வப்போது அழைப்பாள், வேலை பற்றி நிறுத்தாமல் பேசுவாள்.